தனகோட்டி வீட்டின் மேல் நின்ற கற்கள்

செஞ்சியில், கிருஷ்ணகிரி மலையின் அடிவாரத் தெருவில், தனகோட்டியின் ஓட்டு வீட்டின் மேல் எறியப்பட்ட கற்கள் கீழே விழவில்லை. கூரைக்கு மேலே, பக்கத்துத் தென்னை மரத்தின் பாதி உயரத்தில், எறிந்த வேகம் தீர்ந்த இடத்திலேயே அவை நின்றன. இது நடந்தது அறுபத்திரண்டாம் வருஷம், மல்லாட்டை பிடுங்கி முடித்த மாதத்தில். அந்த வருஷம் மல்லாட்டைக்கு நல்ல விலை இருந்தது. நிலக்கடலையைச் செஞ்சிப் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். எண்ணெய் மண்டிக்காரர்கள் புது வேட்டி கட்டிக்கொண்டு திரிந்தார்கள். கற்களை எறிந்தவன் செல்லப்பன். எறியச் சொன்னவர், அவன் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த மல்லாட்டை மண்டியின் முதலாளி கோதண்டராமன். அவர் தனகோட்டியின் கூடப் பிறந்த அண்ணன்.

அண்ணனும் தம்பியும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அப்பா இறந்தபோது மண்டியும் கிடங்கும் மூத்தவனுக்கு, அதை ஒட்டிய ஓட்டு வீடும் கொஞ்சம் புன்செய்யும் இளையவனுக்கு என்று பாகம் பிரிந்தது. பிறகு தனகோட்டி வல்லத்துக்கு மூட்டை ஏற்றப் போன இடத்தில், களத்தில் உட்கார்ந்து மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த சவரியம்மாளைப் பார்த்தான். கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். உடைத்த பருப்பில் ஒன்றைக்கூட வாயில் போடாமல் வேலை செய்தவள் அந்தக் களத்திலேயே அவள் ஒருத்திதான் என்று பின்னாளில் அவன் காரணம் சொன்னான். வேறு காரணங்களும் இருந்திருக்கும். அவர்கள் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கி, ராயப்பன் என்று பெயர் வைத்துக்கொண்டு, அவளைக் கட்டிக்கொண்டு வந்தான். செய்தி கேட்ட அன்றே கோதண்டராமன் செட்டிக்குளத்துக்குப் போய், சாவுக்குத் தலை முழுகுவதைப் போல் முழுகிவிட்டு ஈரத் துணியோடு கடைத்தெரு வழியாக வந்தார். என்ன ஆயிற்று என்று கேட்டவர்களிடமெல்லாம், “தம்பி செத்துட்டான். அங்க எவனோ ராயப்பன்னு ஒருத்தன் குடிவந்துக்குறான்,” என்றார். புன்செய்யைத் தாமே உழுதுகொண்டார். நிலம் போன தனகோட்டி ரோட்டுக்குச் சல்லி உடைக்கும் பாறை வேலைக்குப் போனான். இரண்டாவது வருஷம் ஒரு பாறை நழுவி அவன் இடுப்பின் மேல் உட்கார்ந்தது. பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் ஒரு மழைக்காலம் முழுவதும் கிடந்துவிட்டு மாட்டு வண்டியில் படுத்தபடி திரும்பி வந்தான். இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லாதது போல் ஆகிவிட்டது. கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்திருந்த கண்ணாடி ஓட்டுக்கு நேர் கீழே அவன் கட்டில் போடப்பட்டது. அதன் வழியாகத் தெரிந்த ஒரு முழ ஆகாயம்தான் அவனுக்கு இனி ஊர்.

கோதண்டராமனுக்கு அந்த வீடு வேண்டும். ரோட்டுக்கும் அவர் கிடங்குக்கும் நடுவில் அது நின்றது. மூட்டை வண்டிகள் தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தன. வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுச் சவரியம்மாளின் தாய்வீட்டுப் பக்கம் போய்விடச் சொல்லி ஆள் அனுப்பினார். தனகோட்டி கட்டிலில் கிடந்தபடியே, “செத்துப்போனவன் கைநாட்டு செல்லாதுன்னு அண்ணங்கிட்ட சொல்லு,” என்றான். அதற்குப் பிறகு தெரு அவர்களுக்கு மூடிக்கொண்டது. பொதுக்கிணற்றில் அவள் குடத்தைப் பார்த்தால் ராட்டினத்திலிருந்து கயிற்றை உருவிக்கொண்டு போனார்கள். வண்ணார் வரவில்லை, நாவிதர் வரவில்லை. கோதண்டராமனின் மனைவி ராஜாம்பாள் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கினாள். சவரியம்மாள் விடியற்காலையில் வல்லத்துக்கு நடந்துபோய் மல்லாட்டை உடைத்தாள். திரும்பும்போது தூரத்துக் குளத்திலிருந்து தண்ணீர் சுமந்து வந்தாள். புருஷனைக் குளிப்பாட்டி, புரட்டிப் படுக்க வைத்து, முதுகுப் புண்ணுக்கு மருந்து தடவினாள். நாவிதர் வராததால் அவனுக்கு முடி வெட்டவும் அவளே பழகிக்கொண்டாள். அவன் பின்னந்தலையில் இரட்டைச் சுழி. அந்த இடத்தில் கத்தரி நேராகப் போகாது, மயிர் எப்போதும் சேவல் வால் போல நிற்கும். எல்லாம் முடிந்து விளக்கு ஏற்றி, கட்டிலின் தலைமாட்டில் முழங்காலிட்டு ஜெபம் சொல்வாள். தனகோட்டிக்கு அந்த நேரம் பிடிக்காது. “கல்லு ஒடைச்சவன் மேலயே கல்லப் போட்டாரு உன் ஆண்டவரு. இன்னும் இன்னா கேக்கற அவர?” என்பான். அவள் ஜெபத்தை முடித்துவிட்டுக் கஞ்சி ஊற்றுவாள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வீட்டின் மேல் விளக்கு வைக்கும் நேரத்தில் கல் விழுந்தால் சாத்தான் வேலை என்று சொல்வார்கள். அப்படிப்பட்ட வீட்டில் யாரும் தங்குவதில்லை. கோதண்டராமன் அதைத்தான் நம்பினார். விளக்கு வைக்கிற வேளையில் தெருவில் எல்லோரும் வீட்டுக்குள் சாப்பாட்டு வேலையாக இருப்பார்கள் என்பதும் அவர் கணக்கு. செல்லப்பன் வைக்கோல் போரின் மறைவில் நின்று எறிந்துவிட்டு வந்தான்.

“எறிஞ்சேன் மொதலாளி. சத்தம் வரல.”

“கை ஒடிஞ்சு பூட்ச்சா?”

“கை கீது. கல்லும் போச்சு. விழத்தான் இல்ல.”

காலையில் எல்லோரும் பார்த்தார்கள். வீட்டுக்கு மேலே கைப்பிடிக் கற்கள் சில, கயிறோ கம்போ இல்லாமல் நின்றன. அடியில் நின்று அண்ணாந்து பார்த்தவர்களின் முகத்தில் அவற்றின் நிழல் விழுந்தது. கோதண்டராமன் டீக்கடையில் உட்கார்ந்து, சாத்தான் எறிந்த கல் என்பதால்தான் இப்படி நிற்கிறது என்று விளக்கினார். பாதிப் பேர் நம்பிவிட்டார்கள். ஆனால் அவர் எதிர்வீட்டு ஜைனரான நேமிநாதனை மறந்துபோயிருந்தார். நேமிநாதன் வீட்டில் பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடித்துவிடுவார்கள். இருட்டிய பிறகு தண்ணீர்கூடக் கிடையாது. ஆகவே தெருவே சோற்றில் கை வைத்திருந்த நேரத்தில் அவர் மட்டும் கை கழுவிவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். சவரியம்மாள்மேல் அவருக்குத் தனிப் பரிவு ஒன்றும் கிடையாது. அவள் கிணற்றடியில் விரட்டப்பட்டபோது அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனால் பொய் சொல்வதில்லை என்று விரதம் எடுத்தவர். டீக்கடையில் யாரோ கேட்டபோது சொன்னார்: “சாத்தானுக்குக் காக்கி டிராயர் ஏது? எறிஞ்சது செல்லப்பன்.” கடைத்தெரு ஒரு வாரம் சிரித்தது. அதற்கு முன்பு கோதண்டராமனுக்கு இடம்தான் வேண்டியிருந்தது. அதன் பிறகு அந்த வீட்டிலிருப்பவர்களுக்கு வலிக்கவும் வேண்டியிருந்தது.

பகலிலேயே எறிந்தார்கள். ஒவ்வொரு சந்தை நாளும் மண்டி ஆட்கள் ஒரு கை எறிந்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்கள். மண்டகப்பட்டிலிருந்து குகைக்கோயில் பக்கத்து ஆட்கள்கூடப் பஸ் ஏறி வந்து, நிற்கிறதா என்று பார்க்க ஒரு கல் எறிந்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். கைக்கல் தீர்ந்தபோது கோட்டைச் சரிவிலிருந்து தலை அளவு கற்களைக் கொண்டுவந்து இரண்டு பேராகத் தூக்கி வீசினார்கள். அவையும், வாசலுக்கு மேலே கொஞ்சம் தாழ்வாக, நின்றன. கோட்டையைப் பார்த்துக்கொள்ளும் அதிகாரி ஒருவர் வந்து, அவை சர்க்காருக்குச் சொந்தமான கற்கள், எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று சத்தம் போட்டார். ஏணி வைத்து ஒரு கல்லைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். அது அசையவில்லை. அவர் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டு போனார். மழை பெய்தால் தெருவெல்லாம் ஓய்ந்த பிறகும் அந்த வீட்டின் மேல் கற்களிலிருந்து அரைநாள் சொட்டியது. மைனாக்கள் உட்கார்ந்து எச்சமிட்டன. வெயில் காலத்தில் வீட்டுக்குள் மற்ற வீடுகளைவிடக் குளிர்ச்சியாக இருந்தது. இதையும் அவள்மேல் ஒரு குற்றமாகவே தெரு வைத்துக்கொண்டது.

பங்குச் சாமியார் சைக்கிளில் வந்து வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். “கல் எறிஞ்ச அன்னிக்கு என்ன ஜெபம் சொன்னே அம்மா?” என்று கேட்டார். சவரியம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். “ஒண்ணும் சொல்லல சாமி. கண்ணாடி ஓட்டுல கல்லு வர்றத பாத்த பயத்துல எல்லாம் மறந்துபோச்சு. அவுரு மேல கவுந்து படுத்துக்கினேன்.” சாமியார் மறுபடி ஒரு தரம் அண்ணாந்து பார்த்தார். இந்தக் கற்களைத் தொட்டு யாருக்காவது காய்ச்சல் தீர்ந்ததா என்று விசாரித்தார். இல்லை என்று தெரிந்ததும், அப்படியானால் மேலிடத்துக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று கூறி, தீர்த்தம் தெளித்து வீட்டை மந்திரித்துவிட்டுக் கிளம்பினார்.

மூன்று மழைக்காலம் இப்படியே போனது. கற்கள் இறங்கவும் செய்யும் என்பது தெரிய வந்தது அறுபத்தைந்தில். தண்ணீர் சுமந்து வந்த சவரியம்மாளைச் செல்லப்பன் வண்டியால் உரசிக் குடத்தை உடைத்தான். அவள் சொட்டச் சொட்ட வீட்டுக்கு வந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக, கணவனின் அண்ணனைக் குலத்தோடு சபித்தாள். அவர் கை விளங்காமல் போகட்டும், கண் அவியட்டும் என்றாள். கட்டிலில் கிடந்தவன் கண்ணாடி ஓட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். வெளிச்சம் குறைந்தது.

“சவரி, வாய மூடு.”

“இன்னாத்துக்கு மூடணும்? நீங்களும் அவுரு பக்கமா?”

“எறங்குது. கல்லு எறங்குது. ஒரு சாண் எறங்கிப்போச்சு.”

அவள் வாயை மூடினாள். ஆனால் உள்ளே சாபம் ஓடிக்கொண்டிருந்தது. கற்கள் இன்னும் நான்கு விரல் இறங்கின. பயந்துபோய் முழங்காலிட்டு, ஆண்டவரே என் மூத்தாரை ஆசீர்வதியும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். அதற்கும் ஒரு விரல் இறங்கின. பொய் ஜெபம் அங்கே செல்லவில்லை. இரண்டு பேரும் வெகுநேரம் மூச்சுவிடாமல் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது அவளுக்கு வண்டியில் பூட்டியிருந்த இடப்பக்கத்து மாடு நினைவுக்கு வந்தது. மயிலைக் காளை. லாட ஆணி ஏறிப் புண்ணாகி, ஒரு காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடக்கும். குடம் உடைந்தபோதுகூட அது திரும்பி அவளைப் பார்த்தது. மூத்தார் வீட்டில் அவளால் மனசார நல்லது நினைக்க முடிந்தது அது ஒன்றைத்தான். ஆண்டவரே, அந்த மயிலையோட காலு ஆறட்டும் என்றாள். கற்கள் அரைச் சாண் ஏறின.

அன்றிலிருந்து அவள் ஜெபம் அந்த மாட்டில் தொடங்கியது. பிறகு மண்டி வாசலில் தூங்கும் நாய். பிறகு ஓரகத்தி ராஜாம்பாளின் ஒற்றைத் தலைவலி. அது வரும்போது அந்தப் பெண் நெற்றியில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு சுவரில் தலையை முட்டுவாள் என்று தனகோட்டிதான் ஒருநாள் சொன்னான். இப்போது அவன் ஜெப நேரத்தில் கிண்டல் செய்வதில்லை. மேலே பார்த்து நிலவரம் சொல்லும் வேலை அவனுடையதாகிவிட்டது.

“ஒரு சாண் ஏறிச்சு. இன்னாத்த நெனச்ச?”

“ஓரகத்தி தலவலிய.”

“அண்ணன நெனச்சுப் பாரேன் ஒரு தபா.”

“அம்மாந்தூரம் நான் இன்னும் வரல. இருக்கறது போதும், ஆமென் சொல்லுங்க.”

அவன் ஆமென் சொன்னான். முதலில் ஓடு உடையாமல் இருப்பதற்காகச் சொன்னான், பின்னால் எதற்காக என்று அவனுக்கே தெரியவில்லை. வல்லத்துக்குப் போகும் வழியில் அவளைப் பார்த்துக் காறித் துப்பியவர்கள் எல்லோரையும் அவள் நின்று ஒரு கணம் நிதானமாகப் பார்க்கப் பழகினாள். அவர்களிடம் தேடினால் ஏதாவது ஒன்று கிடைத்தது. ஒருவன் செருப்பில்லாத கால், ஒருத்தி இடுப்பில் இருந்த சளிப்பிடித்த குழந்தை. ஊரார் அவள் முறைக்கிறாள் என்றார்கள்.

மறுவருஷம் கோதண்டராமன் மல்லாட்டை உடைக்கும் மிஷின் ஒன்றுக்குச் சொல்லிவைத்தார். அது லாரியில் வரும். கிடங்குக்கு லாரி போக வழியில்லை. அதனால் ஒரு காலை, கூரையைப் பிரிப்பதற்குக் கடப்பாரையோடு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ஆட்கள் வேலி வரைக்கும் வந்து நின்றார்கள். தங்கள் கையால் எறிந்த கற்கள் அத்தனையும் தலைக்கு மேல் நிற்பதைப் பார்த்தபிறகு ஒருவரும் உள்ளே கால் வைக்கவில்லை. செல்லப்பன்கூட, “மொதலாளி, நமக்கு இது வேணாம்,” என்றான். கோதண்டராமன் தனியாக உள்ளே போனார். அடுப்பிலிருந்த கஞ்சிப் பானையைக் காலால் தள்ளினார். சுவரில் மாட்டியிருந்த சிலுவையைப் பிடுங்கி வெளியே எறிந்தார். கட்டிலின் தலைப்பக்கத்தைப் பிடித்துத் தம்பியோடு சேர்த்து இழுத்துவந்து வாசலில், தெருவே பார்க்கும்படி போட்டார். போர்வையை உருவினார். விறகுக் குச்சிகளைப் போல் சூம்பிக் கிடந்த இரண்டு கால்களும் வெயிலில் தெரிந்தன. “பாருங்கய்யா, இவன் சாமி இவனுக்குக் குடுத்த காலு,” என்று வேலியைப் பார்த்துச் சொன்னார். “எழுந்து வந்து தடுடா. ஒரு அடி எடுத்து வைச்சுட்டீன்னா நான் இந்தத் தெருவ விட்டே போறேன்.”

சவரியம்மாள் வாசற்படியில் நின்றிருந்தாள். கற்கள் இறங்கத் தொடங்கின. மெதுவாக அல்ல, கிணற்றில் வாளி இறங்குவது போல் இறங்கின. வேலியில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். நிழல் இருண்டு வாசலில் பரவி, அண்ணனையும் தம்பியையும் ஒன்றாக மூடியது. இன்னும் கொஞ்சம் வெறுத்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவள் புருஷனும் அடியில் இருக்கிறான் என்பதும் தெரிந்தது. ஆனாலும் அவளால் நிறுத்த முடியவில்லை.

“சவரி,” என்றான் தனகோட்டி கட்டிலிலிருந்து, “மயிலைய நெனச்சுக்கோ.”

“அதைத்தான் போன மாசம் அடிமாட்டுக்கு வித்துட்டாரே,” என்றாள் அவள். கற்கள் இன்னும் ஒரு முழம் இறங்கின.

கோதண்டராமன் குனிந்து கட்டிலின் காலைப் பிடித்து மறுபடி இழுத்துக்கொண்டிருந்தார். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் விழுந்தது. அவருடைய பின்னந்தலை அவளுக்குத் தெரிந்தது. நரைத்த மயிரில் இரட்டைச் சுழி, அதன் நடுவில் சேவல் வால் போல நிற்கும் கொத்து. நாவிதர்கள் எத்தனை வருஷம் வெட்டியும் படியாத மயிர். மாதாமாதம் தன் விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு அவள் கத்தரி போடும் அதே இடம். அவளுக்கு வாய்விட்டு அழுகை வந்தது. “ஆண்டவரே, இந்த மனுஷன நேசிக்க என்னால ஆகாது,” என்றாள். எல்லோருக்கும் கேட்டது. “இந்தப் பொடறிய மட்டும் முடியும். அத வச்சுக்கோங்க.”

கற்கள் நின்றன. கோதண்டராமன் நிமிர்ந்தபோது உச்சந்தலை ஒரு கல்லில் இடித்தது. அண்ணாந்து பார்க்கக்கூட இடமில்லை. அவர் இடுப்பை வளைத்து, இரண்டு கைகளையும் முட்டியில் ஊன்றியபடி வேலியைக் கடந்து போனார். யாரும் சிரிக்கவில்லை. நேமிநாதன் மட்டும் எதிரே எழுந்து வந்து, தலையைத் தாழ்த்திக்கொண்டு உள்ளே நுழைந்து, கட்டிலின் ஒரு முனையைப் பிடித்தார். மறுமுனையை அவள் பிடித்தாள். தனகோட்டியை வீட்டுக்குள் கொண்டுபோனார்கள். சிலுவையை அவள் துடைத்து, இருந்த ஆணியிலேயே மாட்டினாள்.

அதன் பிறகு யாரும் கல் எறியவில்லை. ஆனால் யாரும் நல்லவர்களாகவும் ஆகவில்லை. கிணற்றில் அவள் குடத்தைக் கண்டால் இன்னும் கயிற்றை உருவிக்கொண்டுதான் போனார்கள். கோதண்டராமன் மிஷினைப் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கொட்டகையில் இறக்கிக்கொண்டார், அந்த வீட்டைப் பார்த்துத் திரும்புவதுகூட இல்லை. கற்கள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. ஓட்டின் மேல் தொட்டும் தொடாமலும், வாசலில் ஆள் நெஞ்சு உயரத்திலும் நின்றன. அந்த வீட்டுக்கு வருகிறவர்கள் குனிந்துதான் வர வேண்டியிருந்தது. சாமியார் குனிந்து வந்தார், தபால்காரர் குனிந்து வந்தார். தலைக்கட்டு கணக்கெடுக்க வந்த குமாஸ்தா குடையை மடக்கிக்கொண்டு குனிந்து வந்தார். சவரியம்மாள் ஒவ்வொரு மாலையும் அந்தப் பிடரி வரைக்கும் ஜெபம் செய்தாள். அதற்கு மேல் போக அவளால் ஆகவில்லை. போனதாக நடிக்கவும் இல்லை.

அறுபத்தெட்டில், ஐப்பசி மழையில், தனகோட்டி சளிக்காய்ச்சலில் இறந்தான். கடைசி இரண்டு நாளும் நன்றாகப் பேசிக்கொண்டிருந்தான். தன் கால்களைக் கேட்டால் ஆண்டவர் கொடுப்பாரா என்று அவளிடம் கேட்டான். கொடுப்பாரு, ஆனா பழைய பித்தவெடிப்போடயேதான் குடுப்பாரு என்று அவள் சொன்னதற்குச் சிரித்தான். அவள் ஊர்க்காரர்கள் பாடிக்கொண்டே மழையில் வந்தார்கள். தெருவிலிருந்து நேமிநாதன் மட்டும் தன் கடையைச் சாத்திவிட்டு வந்தார். பெட்டி தயாராகி, தூக்குவதற்கு முன்புறம் ஒரு தோள் குறைந்தது. அப்போது கோதண்டராமன் வேலியோரம் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியவில்லை. குடை இல்லை. துண்டு தோளில் நனைந்து ஒட்டியிருந்தது. யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ராஜாம்பாள் பின்னால் நின்று அவர் முதுகில் கை வைத்துத் தள்ளினாள். அவர் நகரவில்லை.

சவரியம்மாள் வாசலுக்கு வந்தாள். “வாங்க மாமா. உங்க தம்பி கெடக்கறாரு.”

“இந்த வாசல்ல நான் குனிய மாட்டேன்,” என்றார். குரல் பழைய குரல்தான்.

“குனிய வேணாம்,” என்றாள்.

அவள் மழையில் நின்று அவரைப் பார்த்தாள். பிடரியை அல்ல, முகத்தை. அங்கே நின்றவர்கள் பாட்டை நிறுத்தினார்கள். கற்களிலிருந்து சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் கோடுகள் நீண்டன. முதலில் அவர்கள் மழை வலுத்துவிட்டதாகவே நினைத்தார்கள். பிறகுதான் தெரிந்தது, கற்கள் ஏறிக்கொண்டிருந்தன. நெஞ்சுக்கு மேலே, தலைக்கு மேலே, கூரையின் முகட்டைத் தாண்டி, தென்னையின் மட்டை வரைக்கும். கோதண்டராமன் நிமிர்ந்தபடியே உள்ளே வந்தார். அவளைப் பார்க்கவில்லை. துண்டை மடித்துத் தோளில் போட்டு, பெட்டியின் முன்புற வலது மூலையைத் தூக்கிக்கொண்டார். கல்லறைத் தோட்டம் வரைக்கும் தோள் மாற்றிக்கொள்ள யாரையும் விடவில்லை. திரும்பும்போது தனியாகப் போனார். அதன் பிறகும் அவர் அவளிடம் பேசியதாக யாரும் சொல்லவில்லை. கிணற்று ராட்டினத்தில் மட்டும் மறுநாளிலிருந்து கயிறு கிடந்தது.

அடுத்த வருஷம் அந்தத் தெருவுக்குக் கரண்டு வந்தது. கம்பம் நட வந்த ஆட்கள் சவரியம்மாள் வீட்டுக்கு முன் நின்று அண்ணாந்து பார்த்து, பீடி பற்றவைத்துக்கொண்டு பேசினார்கள். கற்களை என்ன செய்வது என்று ஒருவன் கேட்டதற்கு, அதுபாட்டுக்கு இருக்கட்டும், கம்பி அதுக்கு மேல போகட்டும் என்று மேஸ்திரி சொன்னார். நீளமான கம்பம் ஒன்றுக்கு ஆள் அனுப்பினார்கள். அது விழுப்புரத்திலிருந்து லாரியில் வந்தது. அடிவாரத் தெருவில் அது ஒன்றுதான் மற்றவற்றைவிட உயரம். கோதண்டராமன் வீட்டுக்கும் கம்பி அதிலிருந்துதான் போகிறது.